தவிடு, பிண்ணாக்கு, தேங்காய்ச் சக்கை: கோழிக்கு எது, எவ்வளவு?

கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரே கவலை பல கையெழுத்துகளில் வந்திருந்தது. தீவன மூட்டையின் விலை தாங்கவில்லை. ஆலையிலும் கடையிலும் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும் மிச்சங்களைக் கோழிக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். நோய் பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

இது எனக்கும் நெருக்கமான விஷயம். நான் பிறந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் தோட்டம் ஒன்றின் லயத்தில். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் செம்பனை, பெர்ணாம் ஆற்றில் மீன்பிடிப் படகுகள், தெலுக் இந்தானைத் தாண்டினால் சுங்கை மானிக் வயல்கள். சக்கை, பிண்ணாக்கு, மீன் தலை, தவிடு நான்கும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும். பிறகு 24 ஆண்டுகள் ஒரு தீவன ஆலையின் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். இரும்புக் குழாயால் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பது, முகர்வது, ஈரம் பார்ப்பது, புரதம் அளப்பது இவைதான் என் நாள்கள். இப்போது அதே ஊரில், வீட்டுக்குப் பின்னால் 140 முட்டைக்கோழிகள் இருக்கின்றன.

*

கேள்வி: அம்மா, என் கணவர் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. ஆடுகளுக்குப் போட்டோம், நன்றாகத் தேறின. அதே நம்பிக்கையில் 40 முட்டைக்கோழிகளுக்குக் கடைத் தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலந்து மூன்று வாரம் கொடுத்தேன். நாளுக்கு 30 முட்டை வந்த இடத்தில் இப்போது 13 வருகிறது. ஓடும் மெலிந்துவிட்டது. பிண்ணாக்கில் புரதம் உண்டு என்றுதானே சொல்கிறார்கள்? (வாசகி, சுங்காய்)

பதில்: புரதம் உண்டு, சகோதரி. செம்பனைப் பருப்பை அழுத்தி எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் 14 முதல் 18 விழுக்காடு வரை புரதம் இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே உங்கள் கலவையில் புரதத்தின் அளவு குறையவில்லை. குறைந்தவை வேறு மூன்று.

முதலாவது சுண்ணாம்புச்சத்து. கடைத் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் சேர்த்திருப்பார்கள். பிண்ணாக்கில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி கலந்தவுடன் கோழிக்குக் கிடைத்த கால்சியமும் பாதியாகிவிட்டது. ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். தட்டில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் முட்டையை நிறுத்திவிடும். உங்கள் கூட்டில் நடந்திருப்பது இதுதான். மெலிந்த ஓடு முதலிலேயே அதைச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது ஆற்றல். மக்காச்சோளத்திலிருந்து கோழிக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் இந்தப் பிண்ணாக்கிலிருந்து கிடைக்கும். இதன் நார்ச்சத்தில் பெரும்பகுதி மானன் என்ற வகை. அதை உடைக்கும் நொதி கோழியின் குடலில் கிடையாது. ஆட்டின் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உட்கார்ந்து நாரைப் புளிக்கவைத்து அதற்குச் சோறாக்கிக் கொடுக்கின்றன. அதனால்தான் நம் நாட்டுப் பிண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்து, ஐரோப்பா பால் மாடுகளுக்குப் போகிறது. கோழிக்கு அந்த வசதி இல்லை. வயிறு நிறையும், உடம்பு பசித்திருக்கும்.

மூன்றாவது, புரதத்தின் தரம். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கோழிக்கு மிக முக்கியம். இரண்டுமே இதில் குறைவு. மூட்டையில் எழுதியிருக்கும் புரத எண் இதைக் காட்டாது. தீவன ஆலையில் நான் சேர்ந்த புதிதில் எனக்கும் இது புரியவில்லை. ஒரே 16 விழுக்காடு காட்டிய இரண்டு மாதிரிகளில் ஒன்றைத் தின்ற கோழி முட்டையிட்டது, மற்றதைத் தின்றது இறகு உதிர்த்தது. அதன் பிறகுதான் எண்ணுக்குப் பின்னால் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பிண்ணாக்கைத் தூக்கி எறிய வேண்டாம். அளவைக் குறையுங்கள். கடைத் தீவனம் 8 கிலோ, பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, சுண்ணாம்புக்கல் குருணை 150 கிராம் என்று கலந்தால் கால்சியம் பழைய அளவுக்கு வந்துவிடும். கூடவே தனித் தட்டில் நொறுக்கிய கெராங் சிப்பி ஓட்டை வையுங்கள். எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது தானே எடுத்துக்கொள்ளும். ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அரிசி மணி அளவுக்கு உடைக்க வேண்டும். கலப்பதற்கு முன் பிண்ணாக்கைச் சலியுங்கள். கொட்டை ஓட்டுத் துணுக்குகள் கறுப்பாக, கூராக இருக்கும். அவை தீவனமாகாது, குடலையும் புண்ணாக்கும். ஒரு கிலோவில் எவ்வளவு ஓடு நிற்கிறது என்று பார்த்தால் அந்த ஆலையின் சரக்கு எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

முட்டைக்கோழிக்கு நூற்றுக்கு 15 என்பதே நான் போகும் அளவு. மானனை உடைக்கும் நொதித் தூள் கலந்தால் 20 வரை போகலாம். கறிக்கோழிக்கு 10 போதும். நான்கு வாரம் ஆகாத குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஆடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளாடு என்றால் பயமில்லை. செம்மறி என்றால் உடனே அளவைக் குறையுங்கள். இந்தப் பிண்ணாக்கில் செம்பு என்ற தாது இருக்கிறது. செம்மறியின் ஈரலில் அது மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும்.

*

கேள்வி: சந்தையில் தேங்காய்ப் பால் பிழிந்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். தினமும் 20 கிலோ சக்கை மிஞ்சுகிறது. எங்கள் பாட்டி காலத்தில் கோழிகள் இதைத் தின்றுதானே வளர்ந்தன? இப்போது கூண்டில் இருக்கும் என் 60 கோழிகள் மட்டும் ஏன் இளைக்கின்றன? (வாசகர், பாகான் டத்தோ)

பதில்: உங்கள் பாட்டியின் கோழிகளை நான் பார்த்திருக்கிறேன் என்றே சொல்லலாம். என் அம்மாவுக்கும் 12 பெட்டைகள் இருந்தன. காலையில் பிரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் கூட்டைத் திறந்துவிடுவார். குழம்புக்குப் பிழிந்த சக்கையை மாலையில் வாசலில் தூவி, நாக்கைத் தட்டிக் கூப்பிடுவார். அவை வாய்க்கால் ஓரத்திலிருந்து ஓடிவரும். நாங்கள் எல்லாரும் கோழி சக்கையைத் தின்று முட்டையிடுகிறது என்றே நம்பியிருந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் காட்சியைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் பகல் முழுதும் அவை எங்கே இருந்தன என்று யோசித்தேன். செம்பனை மட்டைகளை அடுக்கிவைத்த இடத்தில் கறையான், மண்புழு. மாட்டுக் கொட்டகையில் ஈப்புழு. வாய்க்கால் ஓரத்தில் இளம்புல், நத்தைக் குஞ்சு. புரதம், கால்சியம், வைட்டமின் அத்தனையையும் கோழி தானே தேடி முடித்துவிட்டு, மாலையில் சக்கையைக் கொழுப்புக்காகத் தின்றது. உங்கள் கோழிகள் கூண்டில் இருக்கின்றன. தேடிப் போக வழியில்லை. பாட்டி கொடுத்தது மேல்சோறு. நீங்கள் அதையே முழுச் சாப்பாடாக்கிவிட்டீர்கள்.

பால் பிழிந்த சக்கையில் மிஞ்சுவது கொழுப்பும் நாரும். காயவைத்துப் பார்த்தாலும் புரதம் பத்து விழுக்காட்டை எட்டாது. கொப்பரையை ஆட்டி எடுத்த பிண்ணாக்கு வேறு பொருள், அதில் 20 விழுக்காட்டை ஒட்டிய புரதம் உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்து, கொப்பரைப் பிண்ணாக்குக்கு எழுதிய அளவைச் சக்கைக்குப் போட்டுவிடுகிறார்கள். கொப்பரைப் பிண்ணாக்கிலும் லைசின் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது நேரம். சக்கையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். நம் வெப்பத்தில் காலையில் பிழிந்தது மாலைக்குள் புளிக்கும், மறுநாள் வழவழக்கும். ஈரமாகக் கொடுப்பதானால் பிழிந்த நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து, மிஞ்சியதைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். காயவைப்பதானால் கான்வாஸ் விரித்து விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். கையில் பிடித்து விட்டால் மரத்தூள் போல உதிர வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். பாதி காய்ந்த சக்கையை மூட்டை கட்டுவதைவிடத் தென்னை மரத்தடியில் கொட்டிவிடுவது மேல்.

காய்ந்த சக்கை ஒரு கோழிக்கு நாளுக்கு 10 கிராம். உங்கள் 20 கிலோ காய்ந்தால் எட்டு, ஒன்பது கிலோ வரும். அது 800 கோழிகளுக்கு மேல் போதும். உங்களிடம் இருப்பவை 60. மிச்சத்தை மாடு வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, மாற்றாகச் சாணம் வாங்கிக்கொள்ளுங்கள். சாணத்தில் புழு வரும், புழுவைக் கோழி தின்னும். பாட்டியின் கணக்கு அப்போது நேராகும்.

*

கேள்வி: அவசரமாக எழுதுகிறேன். நெல் ஆலையிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய தவிட்டை மூன்று வாரக் குஞ்சுகளுக்குக் குஞ்சுத் தீவனத்தோடு கலந்து கொடுத்தேன். இப்போது சில குஞ்சுகள் தள்ளாடுகின்றன, தலை பின்னால் வளைந்து விழுந்து காலை உதைக்கின்றன. பெரிய கோழிகளுக்கு ஒன்றுமில்லை. (வாசகி, பாரிட் புந்தார்)

பதில்: முதலில் அந்தத் தவிட்டை நிறுத்துங்கள். இரண்டாவதாக, கால்நடை இலாகாவுக்கு இன்றே சொல்லுங்கள். கழுத்து வளைவது வெள்ளைக்கழிச்சல் நோயிலும் வரும். அது ஊர்க் கோழிகளுக்கெல்லாம் பரவக்கூடியது, பார்த்த கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூச்சுத் திணறல், பச்சைக் கழிச்சல், பெரிய கோழிகளுக்கும் பரவுதல் இருக்கிறதா என்று கேட்பார்கள். கவனித்து வையுங்கள்.

இவை இல்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. 2011இல், தீபாவளிக்கு முன், மலிவாகக் கிடைக்கிறதென்று நான்கு மூட்டைத் தவிடு வாங்கி அடுக்கினேன். என்றைக்கு அரைத்தது என்று கேட்கவில்லை. ஆலையில் அத்தனை ஆண்டுகள் மற்றவர்களின் மூட்டைகளைச் சோதித்தவள், என் மூட்டையைச் சோதிக்கவில்லை. 60 குஞ்சுகளில் 23 போயின. கடைசிக் குஞ்சு என் உள்ளங்கையில் கழுத்தை வளைத்தபடியே செத்தது. அந்த வாரம் முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தவிட்டில் 12 முதல் 18 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. நெல் முழுதாக இருக்கும்வரை அந்த எண்ணெயும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. தீட்டியவுடன் இரண்டும் கலந்துவிடும். சில மணி நேரத்திலேயே எண்ணெய் கெடத் தொடங்கும், நாளாக ஆகக் காறல் ஏறும். காறிய எண்ணெய் தீவனத்தில் உள்ள வைட்டமின் ஈயை அழிக்கிறது. வைட்டமின் ஈ இல்லாத குஞ்சுக்கு இரண்டு முதல் நான்கு வார வயதில் சிறுமூளை பழுதாகிறது. தள்ளாட்டமும் கழுத்து வளைவும் அதனால்தான். இன்னும் விழாத குஞ்சுகளுக்குப் புதிய குஞ்சுத் தீவனமும், தண்ணீரில் கலக்கும் வைட்டமின் ஈ மருந்தும் கொடுத்தால் காப்பாற்றலாம். புரண்டு விழுந்தவற்றில் பல திரும்பாது. மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இனி தவிடு வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். மூட்டையின் நடுவில் கையை விட்டு எடுத்து முகருங்கள். புதுத் தவிடு இனிப்பாக மணக்கும், கெட்டது பழைய எண்ணெய்ச் சட்டி போல வாடை அடிக்கும். நாக்கு நுனியில் வையுங்கள், கசந்தால் வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போடுங்கள். உமி நிறைய மிதந்தால் நீங்கள் வாங்குவது தவிடல்ல.

வாங்கிய அன்றே இரும்புச் சட்டியில் சிறுசிறு பங்காகப் போட்டு, விடாமல் கிளறி, கை வைக்க முடியாத சூடு வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் வறுத்து ஆறவைத்தால் நொதி அடங்கும். எங்கள் வீட்டில் அப்படி வறுத்தது இரண்டு வாரம் தாங்குகிறது. வறுக்காததை நான் மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. முட்டைக்கோழிக்கு நூற்றுக்கு 15. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் புதியதானாலும் 5க்கு மேல் வேண்டாம்.

*

கேள்வி: தாவுபூ (தோஃபு) தொழிற்சாலையில் சோயாச் சக்கை இலவசமாகத் தருகிறார்கள். சோயா என்றால் நல்ல தீவனம்தானே? அப்படியே போடலாமா? (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: நல்ல பொருள்தான். காய்ந்த எடையில் கால்பங்குக்கு மேல் புரதம். ஆனால் தொழிற்சாலையில் ஒரு கேள்வி கேளுங்கள்: காய்ச்சிய பிறகு வடிகட்டுகிறீர்களா, வடிகட்டிய பிறகு காய்ச்சுகிறீர்களா? சீன முறையில் ஊறிய பயற்றை அரைத்து, வடிகட்டி, பாலை மட்டும் காய்ச்சுவார்கள். அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கும் சக்கை பச்சை. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது; கோழி தின்னும், தேறாது. தண்ணீர் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவையுங்கள். ஜப்பானிய முறையில் காய்ச்சிய பிறகு வடிப்பதால் அந்தச் சக்கை வெந்ததாக வரும்.

ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் தேங்காய்ச் சக்கையைவிட விரைவில் கெடும். அன்றைக்கு வாங்கி, அன்றைக்கு வேகவைத்து, அன்றைக்கே முடிக்க வேண்டும். பிண்ணாக்கில் குறைவாக இருக்கும் லைசின் இதில் தாராளம். சுங்காய் சகோதரி இந்தப் பதிலையும் படிக்கட்டும்.

*

கேள்வி: அம்மா, நான் நான்காம் படிவம் படிக்கிறேன். தோட்டத்தில் பால்மர (ரப்பர்)க் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கின்றன. சப்பானியர் காலத்தில் சாப்பிட எதுவும் கிடைக்காமல் தவித்ததாகத் தாத்தா சொல்கிறார். இந்தக் கொட்டையை அரைத்துக் கோழிக்குப் போட்டுப் பள்ளிப் பயிற்றாய்வு செய்யலாமா? (மாணவர், கோல கெட்டில்)

பதில்: தம்பி, வேண்டாம். பால்மரக் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சை வெளியிடும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. மரவள்ளி இலையிலும் கிழங்கிலும் இருப்பது அதே பொருள்தான். ஊறவைத்து, மூடாமல் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாதக்கணக்கில் வைத்தால் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளக்கக் கருவி இல்லாமல் உயிருள்ள கோழிக்குக் கொடுத்துப் பார்ப்பது சரியில்லை. பயிற்றாய்வுக்கு வேறொன்று சொல்கிறேன்: அன்றன்றைக்கு அரைத்த தவிட்டைச் சிறு புட்டிகளில் போட்டு, வறுத்தது, வறுக்காதது என்று பிரித்து, 14 நாள் வாடையையும் நிறத்தையும் குறித்து வை. கோழிக்கு ஒரு கெடுதலும் இல்லை, நம் வாசகர்கள் எல்லாருக்கும் உதவும். முடித்ததும் எனக்கு எழுது.

*

கேள்வி: கடலைப் பிண்ணாக்கில் பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்துத் தட்டிவிட்டேன், இப்போது சுத்தமாகத் தெரிகிறது. வாத்துகளுக்காவது போடலாமா? (வாசகர், சித்தியவான்)

பதில்: போடக் கூடாது. வாத்துக்குப் போடவே கூடாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் கண்டுபிடித்தார்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அதில் ஒரு நஞ்சை விட்டிருந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. வெயில் பூசணத்தைக் கொல்லும், நஞ்சைக் கொல்லாது. வேகவைத்தாலும் போகாது. அது ஈரலைத் தாக்குகிறது. கோழியைவிட வாத்துக் குஞ்சு அதைத் தாங்காது. தின்ற கோழியின் ஈரலையும் முட்டையையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள்?

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இந்த மூட்டையைப் புதைத்துவிடுங்கள்.

*

கேள்வி: பிண்ணாக்கும் தவிடும் சேர்த்த பிறகு மஞ்சள் கரு வெளுத்துவிட்டது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். (வாசகி, பந்திங்)

பதில்: மஞ்சள் கருவின் நிறம் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தும் பச்சை இலையிலிருந்தும் வருகிறது. சோளத்தின் பங்கைக் குறைத்தீர்கள், நிறமும் குறைந்தது. முட்டையின் சத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனாலும் வாங்குபவரின் கண்ணையும் மதிக்க வேண்டும். முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்தால் பத்து நாளில் நிறம் திரும்பும். இப்பில் இப்பில் (சவுண்டல்) இலையும் நிறம் தரும்; அதில் மிமோசின் என்ற தீங்கான பொருள் இருப்பதால் அளவு மீற வேண்டாம். முருங்கை வேலியிலேயே கிடைக்கும்போது அது எதற்கு?

*

கேள்வி: மீன் தலை, குடல், கருவாட்டுத் துண்டுகளைப் போட்டால் புரதக் குறை தீருமா? (வாசகர், கோல குராவ்)

பதில்: பச்சை மீன் கழிவை வேகவைத்து, உலர்த்தி, பொடித்து நூற்றுக்கு ஐந்து பங்கு போட்டால் லைசினும் மெத்தியோனினும் கிடைக்கும். கருவாட்டை விட்டுவிடுங்கள், உப்பு கோழியைக் கொல்லும். அளவு கூடினால் முட்டையில் மீன் வாடை வரும். வாங்கியவர் ஒருமுறை முகர்ந்தால் மறுமுறை வர மாட்டார்.

*

கேள்வி: இத்தனை சலிப்பது, வறுப்பது, உலர்த்துவது எல்லாம் செய்து கடைசியில் என்ன மிச்சம்? நேராகச் சொல்லுங்கள். (வாசகர், குளுவாங்)

பதில்: என் நோட்டிலிருந்து சொல்கிறேன். கடைத் தீவனம் மட்டும் போட்டபோது என் 140 கோழிகள் நாளுக்கு 15.4 கிலோ தின்றன. தலைக்கு 110 கிராம். செம்பனைப் பிண்ணாக்கு 15 விழுக்காடும் சுண்ணாம்புக் குருணையும் சேர்த்த பிறகு 16.2 கிலோ தின்றன. ஆற்றல் குறைந்த கலவை என்பதால் கூடுதலாகத் தின்று ஈடுகட்டுகின்றன. இந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பேசுபவர்களை நம்பாதீர்கள். அந்த 16.2 கிலோவில் கடைத் தீவனம் 13.3 கிலோ. ஆக நாளுக்கு 2.1 கிலோ கடைத் தீவனம் மிச்சம். மாதம் 63 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்று மேல். பிண்ணாக்கின் விலையையும் லோரிக் கூலியையும் அதிலிருந்து கழியுங்கள். முட்டை எண்ணிக்கை குறையவில்லை.

மாதம் ஒரு மூட்டை சிறிது என்று சிலர் நினைக்கலாம். என்னைப் போல் ஓய்வுக்குப் பிறகு முட்டை விற்று மின்சாரக் கட்டணம் கட்டும் பெண்ணுக்கு அது சிறிதல்ல. மேலும் கடைத் தீவனத்தில் உள்ள மக்காச்சோளமும் சோயாவும் அர்ஜெண்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. அங்கே மழை பொய்த்தாலும் வேறெங்கோ போர் மூண்டாலும் விலை ஏறுவது இங்கே நம் வாசலில். 2022 ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் கூட்டைக் காலி செய்தவர்கள் பலர். நான் என் கோழிகளில் ஒன்றைக்கூட விற்கவில்லை. மூட்டை விலை ஏறியபோது பிண்ணாக்கின் பங்கை 20 வரை கூட்டி, நொதித் தூள் சேர்த்து, வேலியில் முருங்கையை வெட்டி வெட்டிச் சமாளித்தேன்.

நேரம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். அரைகுறையாக வறுத்த தவிட்டைவிட முழு விலைக்கு வாங்கிய தீவனம் மலிவு.

*

கேள்வி: எங்களிடம் தராசு இல்லை. பால் டின்னால் அளந்து கலக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அளக்கலாம், அம்மா. என் தாயார் அரிசி, பருப்பு, தீவனம் எல்லாவற்றையும் பால் டின்னால்தான் அளந்தார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு டின் தவிடும் ஒரு டின் நொறுக்கிய சோளமும் ஒரே எடை அல்ல. தவிடு லேசு, சோளம் ஏறக்குறைய இரட்டிப்புக் கனம், பிண்ணாக்கு இரண்டுக்கும் நடுவில். டின் கணக்கில் 15 என்று போட்டால் எடைக் கணக்கில் வேறாகிவிடும். மளிகைக் கடைக்கு நான்கு டின்களை எடுத்துப் போங்கள். தவிடு, பிண்ணாக்கு, தீவனம், சுண்ணாம்புக் குருணை ஒவ்வொன்றையும் தலைதட்டி நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள். எடையை அந்தந்த டின்னின் மேலேயே அழியாத மையால் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசு தேவைப்படாது. புது ஆலையிலிருந்து சரக்கு வரும்போது மட்டும் மறுபடி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.